ஓனரின் கட்சியும் புது வண்டியும்

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட யாருக்கும் அவளுடைய நிஜப் பெயர் தெரியாது. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் எந்நேரமும் அதன்மேல் ஒட்டினாற்போல இருக்கும். வாய் பேசும், சிரிக்கும், தண்ணீர் குடிக்கும், கால் மட்டும் தனியாக அதன் வேலையைப் பார்க்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட இவள் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள் என்று அவள் புருஷன் சொல்லுவார். அவர் வயரிங் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் தைக்கும்.

பொம்பளை வந்து கார் ஓட்டச் சொல்லித்தருவதா என்று மற்ற ஸ்கூல்காரர்கள் சிரித்து அனுப்பிய காலத்தில், அவளை ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாளைக்கே வா என்று சொன்னவர் இந்த ஓனர். அதனால் அவருக்கு அவள் உள்ளூர ஒரு கோயில் கட்டி வைத்திருந்தாள். அவரும் மோசமான மனிதர் இல்லை. கிளட்ச் பிளேட் எப்போது தேயும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லுவார். புதிதாக வருகிறவர்களின் பயத்தைக் கேலி பண்ணமாட்டார்.

அவருக்குக் கட்சிப் பைத்தியம் பிடித்தது தலை நரைத்த பிறகுதான். ஸ்கூலைப் பெரிய இடத்துக்கு மாற்றியபோது திறந்து வைக்க ஒரு கட்சித் தலைவர் வந்தார். வந்தவர் ஓனரின் கையை இரண்டு கையாலும் பிடித்து, உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓனர் அந்தக் கையை அதற்கப்புறம் கீழே இறக்கவே இல்லை என்று வேலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

முதலில் வண்டிகளின் பின்கண்ணாடியில் தலைவர் படம் வந்தது. பிறகு ஆபீஸ் டிவியில் தலைவர் பேச்சு. காத்திருக்கும் நாற்காலிகளையெல்லாம் டிவியைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். போன் பண்ணினால் ஓனர் எடுப்பதற்குள் காலர் டியூனில் தலைவர் இரண்டு வாக்கியம் பேசிவிடுவார். சேர வருகிறவர்களிடம் பெயர், விலாசம் கேட்டு முடித்ததும், சும்மா கேட்கிறேன் என்ற முகத்தோடு, நீங்க எந்தப் பக்கம் என்பார். சரியான பக்கம் என்றால் டெஸ்டுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கும். மற்றவர்களுக்குத் தேதி கிடைக்காமல் போகாது, ஆனால் அதற்குள் ஒரு சொற்பொழிவு கேட்டாக வேண்டும். டெஸ்ட் நடக்கிற மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்கூல் இதுதான் என்பதால் ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். வேலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். போகாதவர்களைத் திங்கட்கிழமை அவர் திட்டமாட்டார். பேசமாட்டார், அவ்வளவுதான். அது திட்டைவிட மோசம்.

பிரேக் அக்கா ஆரம்பத்திலிருந்தே வேறு பக்கம் ஓட்டுப் போடுகிறவள். அதை ஓனரிடம் சொன்னதில்லை. அவர் பேசும்போது தலையை ஆட்டுவாள். தலையாட்டினால் கழுத்தா தேய்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. தன் வேலைக்காகத்தான் ஓனர் தன்னை மதிக்கிறார் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. அந்த நம்பிக்கை, புதுசு வந்து சேரும் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது.

புதுசு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் அக்காவைவிட ரொம்பச் சின்னவள். நன்றாகவே ஓட்டினாள். அதுகூடப் பரவாயில்லை. வந்த அன்றைக்கே டிவியில் தலைவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்க, அதை அவருக்கு முன்னால் இவள் முடித்தாள். ஓனர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அப்புறம் என்ன, ஓனர் மேசைக்குப் பக்கத்தில் அக்கா டீ குடிக்க உட்காருகிற நாற்காலியில் புதுசு உட்கார ஆரம்பித்தாள். யாரும் அதை அவளுடையது என்று எழுதிக் கொடுக்கவில்லைதான். இருந்தாலும் அக்கா நின்றுகொண்டே டீ குடித்தபோது, உட்காரும்மா என்று ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுசை அவர் நம்ம பொண்ணு என்று கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அக்காவை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடவில்லை என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் ஸ்கூலுக்குப் புது வண்டி வந்தது. வெள்ளை வண்டி, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அக்காவின் வண்டி பழசு. இரண்டாவது கியர் விழ மறுக்கும், தட்டிக்கொடுத்துத்தான் போட வேண்டும். புது வண்டி அவளுக்குத்தான் என்று அவள் மட்டுமல்ல, எல்லோருமே நினைத்தார்கள். வீட்டிலும் சொல்லிவிட்டாள். ஓனர் சாவியைப் புதுசின் கையில் வைத்து, பின்கண்ணாடியில் தலைவர் படத்தை ஒட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அக்கா கை தட்டினாள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். தட்டின உள்ளங்கை சாயங்காலம் வரை எரிந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து அவள் கண் புதுசை விட்டு அகலவில்லை. புதுசு வண்டியைக் கோணலாக நிறுத்தினால் அந்த நாள் நல்ல நாள். நேராக நிறுத்தினால் அக்காவுக்கு டீ கசந்தது. ஒரு மதியம் ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். புது வாசனையை இழுத்து இழுத்து மூச்சில் ஏற்றினாள். கால் நீட்ட வசதியாகச் சீட்டைப் பின்னால் தள்ளினாள். இறங்கும்போதுதான், முன்னால் எந்த இடத்தில் இருந்தது என்பது மறந்துபோனது. புதுசு வந்து, அக்கா, என் சீட்டை யாரோ தள்ளி வெச்சிருக்காங்க என்று சொன்னபோது, டயர் அழுக்கைப் பார்க்கிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் அவள் பேச்செல்லாம் புதுசுதான். அவள் நடந்தது, அவள் சிரித்தது, அவள் ஓனருக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்த விதம். வயரிங் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல. உன்னைவிட நல்லா தலையாட்டுறா, அதான் தாங்கல” என்றார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். அவளுக்கு அது யோசனையாகப் பட்டது. தலையாட்டுவதுதான் போட்டி என்றால் அதிலும் இறங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினாள். காத்திருக்கும் நேரத்தில் டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். தலைவர் எங்கே குரலை உயர்த்துகிறார், எங்கே தழதழக்கிறார் என்பதையெல்லாம் பாடமாக ஏற்றிக்கொண்டாள். பிறகு வண்டிக்குள் ஆரம்பித்தாள். கிளட்சை மெதுவா விடுங்க என்று சொல்லும் மூச்சிலேயே, இந்த ரோட்டில் இத்தனை குழி எதனால் தெரியுமா என்று பிடிப்பாள். சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், பச்சை விழும் வரை தலைவரின் பேச்சு. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எங்கே ஓட முடியும்? கதவைத் திறந்து இறங்கத் தைரியம் இருந்தாலும், வண்டியை எப்படி நிறுத்துவது என்பதுதான் அவர்களுக்கு இன்னும் தெரியாதே.

பழக வந்தவர்களில் ஓனர் கட்சிக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் போய் ஓனரிடம் சொன்னார். மறுநாள் ஓனர் அக்காவை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில்தான். புதுசு எழுந்து இடம் விட்டாள். அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றிலிருந்து ஓனரைவிடக் காரமாகப் பேசினாள். தான் ஓட்டுப் போடுகிற கட்சியையே வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுவிட்டு வீட்டுக்கு வரும்போது, சுவரில் அந்தக் கட்சியின் சின்னம் தெரிந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். நாற்காலியை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடை அம்மா சேர வந்தார். ஆஸ்பத்திரி ரோட்டில் சொந்தமாகச் சின்ன மருந்துக்கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். புருஷனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. கார் வீட்டில் சும்மா நின்றது. அதனால் இந்த வயதில் ஓட்டப் பழக வந்தார். நீங்க எந்தப் பக்கம் என்ற வழக்கமான கேள்விக்கு, அது என் சொந்த விஷயங்க என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். ஓனர் முகம் சுருங்கியது.

அந்த அம்மா போன பிறகு ஓனர் அக்காவைக் கூப்பிட்டார்.

“இந்தம்மாவை நம்ம பொண்ணுகிட்ட விடலாம்னு பாத்தேன். ஆனா இதுக்கு நீதான் சரி. பேசி வழிக்குக் கொண்டு வா.”

புதுசால் முடியாது, உன்னால் முடியும். அந்த ஒரு வாக்கியத்தை அக்கா வீடு வரைக்கும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே போனாள்.

மருந்துக்கடை அம்மாவுக்குக் கை நிதானம். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற மாதிரி ஸ்டியரிங்கையும் அளந்துதான் திருப்புவார். இப்படி ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுகம் என்று அக்காவுக்குத் தெரியும். வேறு சமயமாக இருந்தால் இருவரும் சிநேகிதம் ஆகியிருப்பார்கள். அக்கா பேச்சை எடுத்தாள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் எடுத்தாள். அடுத்த நாளும் பதில் இல்லை. அந்த மௌனம் அக்காவைச் சீண்டியது. ஓனர் போகிற வழியில், என்னாச்சு, மசியலையா என்று கேட்டது அதைவிடச் சீண்டியது. புதுசு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரிய ரவுண்டானாவில் நடந்தது அது. சாயங்காலக் கூட்டம். அந்த அம்மா நெற்றியில் வியர்வை வழிய, எப்போது நுழைவது என்று வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை விடவில்லை. உங்க வீட்டுக்காரர் இப்படிப் படுத்துக் கிடக்கறதுக்கே நீங்க ஓட்டுப் போட்ட ஆளுங்கதான் காரணம், ஒழுங்கான ஆஸ்பத்திரி கட்டினாங்களா என்று கேட்டாள். கேட்டது உறைக்கிறதா என்று பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். உடம்பு முழுவதும் திரும்பிவிட்டது, காலும் சேர்ந்து. மருந்துக்கடை அம்மா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அமுக்கினார். அக்காவின் கால் பிரேக்கைத் தேடிக் காற்றை மிதித்தது. வண்டி நடுத்திட்டின் சுவரில் போய் முட்டி நின்றது.

ஹெட்லைட் உடைந்து, பம்பர் உள்ளே போயிருந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஸ்டியரிங்கில் மோதி அந்த அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்:

“நீங்க பேச்சை நிறுத்துவீங்க, அப்புறம் நுழையலாம்னு காத்துட்டிருந்தேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவை நிமிர முடியாமல் செய்தது. ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறி, அவர் போய்விட்டார்.

அக்காவைக் கூட்டிப்போக ஓனர் அனுப்பியது புதுசைத்தான், அதுவும் அந்தப் புது வண்டியில். அக்கா ஏறி உட்கார்ந்தாள். சீட்டு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், உன்னோட வண்டியில இப்படி ஆகலையே, நீயும்தானே பேசுற என்று குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டாள்.

“வண்டிக்குள்ள நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் அக்கா. பழகறவங்களுக்கு இருக்கிற ரெண்டு கை, ரெண்டு காலே பத்தல. இதுல கட்சி வேறயா?”

“ஆபீஸ்ல அந்த ஆட்டம் ஆடுற?”

“அது ஆபீஸோட சரி. அவருக்குச் சந்தோஷம், எனக்கு வேலை.”

அந்தக் கட்சி உனக்குப் பிடிக்குமா இல்லையா என்று அக்கா கேட்டதற்கு, புதுசு சிரித்துவிட்டு கியரை மாற்றினாள். அது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி விழுந்தது.

அக்காவுக்கு இன்னும் இருட்டாத அந்தத் தெருவில் தலை சுற்றியது. தான் தொண்டை கட்ட, மாய்ந்து மாய்ந்து சொன்ன பொய்யை இவள் சிரமமே இல்லாமல் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்வதில்கூட இவளோடு போட்டி போட முடியாதா என்று இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூலுக்கு வந்தபோது ஓனர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே புதுசின் குரல். மாட்டி விடுகிறாள் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள். செருப்புச் சத்தம் கேட்காமல் சுவர் ஓரமாக நின்றாள்.

“அக்கா மேல தப்பு இல்ல சார். நீங்க சொன்னதைத்தான் செஞ்சாங்க. இனிமே வண்டிக்குள்ள இந்தப் பேச்சு வேண்டாம் சார். நாளைக்கு யாராவது செத்தா, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கதான் போகணும். தலைவர் வரமாட்டாரு.”

ஓனர் மேசையில் விரலால் தட்டுவது கேட்டது. பிறகு அவர், சரி என்றார்.

அவ்வளவுதான். ஒரு சரி. இத்தனை வருஷமாக அக்கா வாயைத் திறக்காமல் விழுங்கி விழுங்கி வைத்த ‘வேண்டாம் சார்’, நேற்று வந்தவள் சொன்னதும் ஒரு சரியில் முடிந்துவிட்டது. கேட்டிருந்தால் தனக்கும் கொடுத்திருப்பாரோ? அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. புதுசு தனக்காகப் பேசியிருக்கிறாள் என்பது தெரியாமல் இல்லை. நன்றி வரவேண்டிய இடத்தில் நெருப்புத்தான் வந்தது. புது வண்டி போனதுகூட இப்படிச் சுடவில்லை. கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மதியம் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். அந்த அம்மா உதட்டில் பிளாஸ்திரியோடு ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போகும் வரை அக்கா ஓரமாக நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, இனிமேல் வேறு டீச்சரிடம் வருகிறேன் என்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். யார் என்று அக்கா கேட்கத் தேவையே இருக்கவில்லை.

போக மனமில்லாமல், நான் அந்தக் கட்சிக்கு ஓட்டே போட்டதில்லைங்க என்றாள் அக்கா.

மருந்துக்கடை அம்மா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். “அப்போ எதுக்கு அவ்வளவு பேசினீங்க?”

“ஒரு காருக்காக” என்றாள் அக்கா. பிறகு, “ஒரு நாற்காலிக்காக” என்றாள். இரண்டும் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கப் போய், உதடு இழுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

தேர்தல் நெருங்க நெருங்க ஓனருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபீஸில் தலைவர் இன்னும் சத்தமாகப் பேசினார். ஆனால் வண்டிகளுக்குள் அமைதி வந்துவிட்டது. மருந்துக்கடை அம்மா புதுசிடம் நேராக ஓட்டப் பழகிவிட்டார். பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதுதான் வரவில்லை. புதுசு அக்காவிடம் வந்து, எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியல அக்கா, நீங்க ஒரு நாள் வாங்க என்று கேட்டாள். அவளால் முடியாத ஒன்று இருக்கிறது என்பதில் அக்காவுக்கு வந்த சந்தோஷத்தை நல்ல சந்தோஷம் என்று சொல்ல முடியாது. யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு, பார்க்கலாம் என்றாள். அன்றைக்கே போனாள்.

மைதானத்தில் மருந்துக்கடை அம்மாவும் அவளும் வெகுநேரம் முன்னும் பின்னும் போய்வந்தார்கள். கண்ணாடி, பாதி, நிறுத்துங்க, இப்போ திருப்புங்க. அது தவிர வேறு பேச்சே இல்லை. கடைசியில் வண்டி இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒழுங்காகப் போய் நின்றது. அந்த அம்மா ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் அவரைக் கூட்டிட்டு நானே போவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டெஸ்டில் அவர் தேறிவிட்டார். ஓனருக்கு நன்றி சொல்ல வந்தபோது டிவியைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஓனர் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

ஓட்டுப் பதிவு முடிந்த மறுநாள் ஓனர் எல்லோரையும் ஆபீஸில் நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நமக்குத்தானே? ஆமாம் சார். நமக்குத்தானே? அதுல என்ன சார் சந்தேகம். புதுசு வழக்கம்போல, உங்களுக்காகத்தான் சார் கண்ணை மூடிட்டுப் போட்டேன் என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள். அடுத்தது அக்கா. இதைவிட நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

“அதைக் கேக்காதீங்க சார்” என்று வந்தது.

“என்ன?”

“நல்லா வேலை பாக்கறேனான்னு கேளுங்க சார், சொல்றேன். இது வேண்டாம்.”

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஓனர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து ஆளிடம் போகவும் இல்லை, கேட்கவும் இல்லை. வண்டிகளை எடுங்க, நேரமாச்சு என்று உள்ளே போய்விட்டார்.

வெளியே வண்டியைத் துடைக்கிற இடத்தில் புதுசு அவள் பின்னாலேயே வந்தாள். முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு இல்லை.

“எப்படிக்கா சொன்னீங்க? ராத்திரி முழுக்க நானும் அதைத்தான் சொல்லணும்னு நெனச்சுட்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வழக்கமானது வந்துருச்சு.”

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புதுசின் குரலில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவ்வளவு நாள் தன் நெஞ்சுக்குள் வைத்துப் பழகிய சரக்கு, தெரியாமல் போகுமா? பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அவளுக்குப் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு நிறைவாக இருந்தது. வீட்டில் சொன்னபோது வயரிங் புருஷன், உங்க ரெண்டு பேர் வியாதிக்கும் மருந்தே கிடையாது என்றார்.

ஓனர் அவளிடம் வாரக்கணக்கில் பேசவில்லை. அவர் கட்சி தோற்றது. டிவியை அணைத்துவிட்டு ஷெட்டில் போய் வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தார். ஒரு நாள் அடியிலிருந்தே, அந்த ஸ்பேனரை எடும்மா என்றார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். அதோடு பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி டிவியைப் போட்டார், அது வேறு விஷயம். யாரையும் நிற்கவைத்துக் கேட்கவில்லை.

ஊரின் அந்தக் கோடியில் ஸ்கூல் ஒரு கிளை திறந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ளப் புதுசைத்தான் அனுப்பினார். அக்காவைக் கேட்கக்கூட இல்லை. அக்கா இப்போதும் பழைய இடத்தில்தான் இருக்கிறாள், அவளிடம்தான் போவேன் என்று அடம்பிடித்து வருகிறவர்களுக்குக் குறைவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், கிளை வாசலில் வண்டியை மெதுவாக்கி, பழக வந்திருக்கும் கூட்டத்தை எட்டிப்பார்க்காமல் அவளால் தாண்ட முடியாது. கூட்டம் குறைவாக இருந்தால் புருஷனுக்குப் பிடித்ததாகச் சமைப்பாள். நிறைய இருந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும். அவரும் ஒன்றும் கேட்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்.